டோஃபு மேல் ஒரு தாளப்பெட்டி

குரெபயாஷி தோகுஜியை யாராவது ஒரு வார்த்தை பாராட்டிவிட்டால் போதும், மனுஷனுக்குக் காது இரண்டும் சிவந்துவிடும். "சீச்சீ, அது குப்பைங்க. ஏதோ தெரியாத்தனமா பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்பார். ஜப்பானில் எங்கள் ஹமாமட்சு ஊரில் எல்லோருமே இப்படிப் பேசுகிறவர்கள்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. பரிசை நீட்டும்போதே "உருப்படாத பொருள்" என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். ஆனால் சொல்லும்போது உதட்டோரமாக ஒரு சிரிப்பை விட்டுவைப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு எதிராளி, "அடடா, அப்படிச் சொல்லலாமா" என்று மூன்று தடவை மறுத்துவிட்டு வாங்கிக்கொள்வார். தோகுஜியிடம் அந்தச் சிரிப்பு கிடையாது. கண் கலங்கச் சொல்வார். கேட்கிறவர்கள் அப்படியே நம்பிவிடுவார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

முரோகா ஆர்கன் கம்பெனியில் அவர் பதினெட்டு வருஷமாக மின்னணு ஆராய்ச்சிப் பிரிவு. பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். ஒரு காலத்தில் முள்ளங்கி ஊறுகாய்ப் பீப்பாய்களை அடுக்கி வைத்திருந்த கொட்டகையைக் கொடுத்திருந்தார்கள். பதினெட்டு வருஷத்தில் அங்கே அவர் செய்த எதுவும் கடைக்குப் போனதில்லை. முதலாளி முரோகா ஒவ்வொரு தடவையும் வந்து, "என்னப்பா, எப்படி வந்திருக்கு?" என்று கேட்பார். தோகுஜி தலையைக் குனிந்துகொண்டு, "வாயில்லாத ஜீவன் பண்ணினாக்கூட இதைவிட நல்லா பண்ணும் முதலாளி" என்பார். முரோகா பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார். நல்ல மனுஷர்தான் பாவம். பதினெட்டு வருஷம் சம்பளம் கொடுத்தாரே!

டோக்கியோவில் ஒலிம்பிக்ஸுக்காக ரோட்டையெல்லாம் தோண்டிப் போட்டிருந்த அந்த வருஷம், பிப்ரவரி மாதம், முரோகாவுக்கும் பொறுமை போய்விட்டது.

"இதுதான் கடைசி, குரெபயாஷி. நகோயாவுலேர்ந்து நெகோரோ அம்மா வராங்க. பதினோரு டான்ஸ் ஹால் வச்சிருக்காங்க. நீ பண்ணினதை அவங்க எடுத்துக்கிட்டா சரி. இல்லேன்னா கொட்டகையை மூடிடறேன். நீ முன்வாசல்ல உக்காந்து, வர்றவங்க செருப்பை அடுக்கு. ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தானே, ஓட்டிடலாம்."

"செருப்பு அடுக்கறதுக்குக்கூட எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியலை முதலாளி" என்றார் தோகுஜி. வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் இந்தத் தடவை கொட்டகையில் இருந்தது லேசுப்பட்ட சாமான் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். தன் மனைவியிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை.

அரிசிப் பெட்டி அளவுக்கு ஒரு மரப்பெட்டி, உள்ளேயே பாட்டரி. முன்னால் ஆறு பித்தான்கள். ஒன்றை அழுத்தினால் வால்ட்ஸ், இன்னொன்றை அழுத்தினால் டாங்கோ. ஆள் இல்லாமல், கை இல்லாமல், தோல் இல்லாமல் உள்ளே டிரம் அடிக்கும். டிரம் சத்தத்தைக் கொண்டுவருவது பெரிய விஷயமில்லை. கம்பித் தூரிகையால் டிரம்மை வருடும்போது 'சர்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் பதினொரு மாதம் அவர் உயிரை வாங்கியது. பட்டாணி அளவு மூன்று கால் மின்துண்டான டிரான்சிஸ்டர், நல்லதாக இருந்தால் சத்தம் போடாது, ஊமை. கடைசியில் கெட்டுப்போனதென்று ஒதுக்கிய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். பிறவியிலேயே கோளாறு அதற்கு, ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலைப் பிடித்துத் துண்டு துண்டாக நறுக்கினார். சர்... சர்... என்று வந்தது பாருங்கள், தோகுஜி கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, ஒற்றை ஆளாக, ஒரு துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு ஆடினார். ஆடி முடித்ததும் வெட்கமாகப் போய்விட்டது. துடைப்பத்திடமே மன்னிப்புக் கேட்டார்.

நெகோரோ அம்மா வருவதற்கு முதல்நாள் மத்தியானம், நிர்வாகப் பிரிவு ஹிரானுமா கொட்டகைக்கு வந்தான். ஒல்லியான ஆள், மை படாமலிருக்கச் சட்டைக் கைக்கு மேலே கறுப்பு உறை, கக்கத்தில் பேரேடு. முகம் வெளிறிக் கிடந்தது.

"குரெபயாஷி சான், வேலைக்கு நடுவுல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும். ஒருத்தர் குறையறாரு."

"யாரு?"

"டிரான்சிஸ்டர். இந்த வருஷம் கெட்டுப்போனவங்க நானூத்திப் பன்னெண்டு. பெட்டியில நானூத்திப் பதினொண்ணுதான் இருக்கு. நாளைக்குக் காலையில கோவில்ல வழிபாடு. ரெண்டு நாளா தேடறேன், சோறு எறங்கலை."

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். உடைந்த ஊசிகளுக்காகத் தையல்காரிகள் வருஷத்துக்கு ஒருநாள் கோவிலில் வழிபாடு செய்வது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முரட்டுத் துணியைக் குத்திக் குத்தி உழைத்த ஊசி, கடைசியிலாவது மெத்தென்று படுக்கட்டுமென்று, சோயாப் பாலில் செய்த மெத்துக் கட்டியான டோஃபுவில் செருகி வைப்பார்கள். முரோகாவின் அம்மா தையல்காரி. அதனால் கம்பெனியிலும் அதே வழக்கம், ஊசிக்குப் பதிலாக டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். மூன்று காலையும் டோஃபுவில் ஊன்றி வைத்துவிட்டு எல்லோரும் கும்பிடுவார்கள். ஒன்றை விட்டுவிட்டால் அது அநாதையாக அலையும் என்பது ஹிரானுமாவின் கவலை.

தோகுஜி பொய் சொல்லத் தெரியாதவர். "நான்தான் எடுத்தேன். இதுக்குள்ள இருக்கு" என்று பெட்டியைக் காட்டினார்.

"கழட்டித் தர முடியுமா?"

"கழட்டினா இதுல ஒண்ணும் மிஞ்சாது."

ஹிரானுமா யோசித்தான். பேரேட்டைத் திறந்தான். நடைமுறை தெரிந்த ஆள், கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"இது முக்கியமான சாமானுங்களா?"

கேட்டானா? தோகுஜிக்குக் காது சிவந்துவிட்டது. "சீச்சீ! இதுவா? ஒண்ணுக்கும் உதவாதது" என்றார்.

"நாளைக்கு நெகோரோ அம்மா பார்க்க வர்றது இது இல்லையே?"

"இதையெல்லாம் போய் அந்த அம்மாகிட்டக் காட்டற லட்சணத்துலயா இருக்கு!" கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. 'ஒன்றுக்கும் உதவாதது'ன்னு எழுதிக்கட்டுங்களா?"

"தாராளமா எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தோகுஜி தன் முத்திரையை எடுத்துத் தாளில் பதித்தார். காணாமல்போன ஒரு டிரான்சிஸ்டருக்கு ஏதோ மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துக்கொண்டார். படித்துப் பார்த்தால் என்ன கேடு? எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. ஆனால் ஒருநாளைக்கு நாற்பது தாளில் முத்திரை வைக்கிற கம்பெனியில் எவன் படிக்கிறான்?

மறுநாள் காலையில் கொட்டகையைத் திறந்தால், மேஜைமேல் பெட்டி இல்லை. பெட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளை உறை. 'தங்கள் இழப்பில் நிர்வாகப் பிரிவும் பங்கு கொள்கிறது.' பக்கத்தில், சாவு வீட்டில் கொடுக்கிற பயற்று மாவு உருண்டை ஒன்று.

தோகுஜிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் கால் மட்டும் ஓடியது. குளிர்காலத்துப் புழுதிக்காற்று முகத்தில் அறைய, சைக்கிளை மிதித்துக் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மந்திரம் ஆரம்பித்துவிட்டது. நூற்று நாற்பது பேர் கறுப்பு உடையில் முட்டியை மடக்கி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் முரோகா. அவருக்குப் பக்கத்தில், விருந்தாளி என்ற மரியாதைக்காக நெகோரோ அம்மா. அவர்களுக்கு முன்னால் மேடையில் தட்டுத் தட்டாக டோஃபு. அதில் நானூற்றுப் பதினோரு டிரான்சிஸ்டர்கள், நாற்று நட்டதுபோல. நடுவில், சொல்லி வைத்துச் செய்த பாய் அகல டோஃபு ஒன்று. அதன்மேல், ஐயோ, அவருடைய பெட்டி!

அதைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம் இல்லையா? வேறு எந்த ஊர்க்காரனும் அதைத்தான் செய்திருப்பான். தோகுஜி காலணியைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, குனிந்தபடியே போய்த் தன் பதவிக்குரிய ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்தார்.

கொழகொழவென்று பெட்டி டோஃபுவில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கமாகச் சாய்ந்து, டோஃபுவில் பட்டு ஒரு பித்தான் தானாக அழுந்தியது.

டும் சர் சர். டும் சர் சர்.

கைசென் சாமி எழுபது வயதுக்காரர். மந்திரத்தை நடுவில் நிறுத்துவது பெரிய தோஷம். அவர் நிறுத்தவில்லை. நான்கு வரிவரையில் தன் தாளத்திலேயே தம் பிடித்து நின்றார். ஐந்தாவது வரியில் நாக்கு வழுக்கியது. அதற்கப்புறம் புத்தரின் திருவார்த்தை அச்சு அசல் வால்ட்ஸாக வர ஆரம்பித்தது. மரத்தாளம் தட்டிக்கொண்டிருந்த சீடர் இரண்டு தடவை தவறவிட்டு, குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டார். ஊதுபத்தி வைக்க எழுந்த தலைமைக் கணக்கர் இரண்டு எட்டு வைத்தார், மூன்றாவது எட்டில் அரைச்சுற்றுச் சுற்றினார், ஏன் சுற்றினோம் என்று தெரியாமல் விழித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க நூற்று நாற்பது பேரும் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். நெகோரோ அம்மாவின் கால்விரல் மட்டும் வெள்ளைக் காலுறைக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

தோகுஜி முன்னால் இருந்த உற்பத்திப் பிரிவு அதிகாரியின் முதுகைத் தொட்டுக் கிசுகிசுத்தார். "அந்தப் பெட்டியை உடனே இறக்கணும். தண்ணி ஏறினா செத்துடும். அது என் உயிரு. முதலாளிகிட்டச் சொல்லுங்க."

இதை இப்படியே மேலே சொல்ல முடியுமா? பிரிவு அதிகாரி கொஞ்சம் பதப்படுத்தித் தன் முன்வரிசையில் இருந்த இலாகாத் தலைவரிடம் சொன்னார். "குரெபயாஷி சான் பெட்டியை நெனச்சுக் கொஞ்சம் கலங்கறாரு." இலாகாத் தலைவர் அதை இன்னும் மெருகேற்றி இயக்குநரிடம் சொன்னார். "பெட்டியைப் பிரிய குரெபயாஷிக்கு மனசு வரலையாம்." இயக்குநர் முரோகாவின் காதருகே குனிந்தார். "முதலாளி, உங்க ஏற்பாட்டைப் பார்த்து குரெபயாஷி உருகிப்போய்ட்டாருங்க."

முரோகா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதில் அதே வழியாக இறங்கி வந்தது. "கவலைப்படாதேன்னு சொல்லு. நல்ல இடத்துக்குத்தான் போகுது."

டும் சர் சர். டும்... சர்... ச...

தாளம் தளர்ந்தது. தோகுஜி எழுந்தார். எழுந்தார் என்பது தப்பு, எழப் பார்த்தார். மடக்கிய கால் இரண்டும் மரத்துக் கட்டையாகிவிட்டிருந்தன. பிரிவு அதிகாரியின் தலைமேல் விழுந்து, இலாகாத் தலைவரின் தோளைப் பிடித்துப் புரண்டு, அங்கிருந்து முழங்கையால் தவழ்ந்து, எட்டு வரிசையையும் தாண்டி மேடைக்குப் போய்ச் சேர்ந்தார். போகிற வழியெல்லாம், "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று ஒவ்வொரு முட்டிக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"சாமி, நிறுத்துங்க! அது சாகலை!"

கைசென் சாமி ஒரு பத்தியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். மடியிலிருந்த தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"'ஒன்றுக்கும் உதவாதது'ன்னு போட்டிருக்கு. கீழ உங்க முத்திரை இருக்கே?"

"அது... மரியாதைக்குச் சொன்னது சாமி."

"யாருக்கு மரியாதை? நான் பாதி மந்திரம் ஓதிட்டேன், செத்தவங்களுக்கு வைக்கிற பேரும் வச்சு அனுப்பியாச்சு. போன ஆளைத் திருப்பிக் கூப்பிடணும்னா, எதுக்குக் கூப்பிடறோம்னு புத்தர் முன்னால சொல்லணுமா இல்லையா? இது என்ன மாதிரி சாமான், சொல்லுங்க."

"அது... அவ்வளவு மோசமில்லை."

"அவ்வளவு மோசமில்லாததெல்லாம் இங்க நானூறு கெடக்கு."

தோகுஜிக்கு வியர்த்தது. "சுமாரா... பரவாயில்லாம... யாராவது பெரிய மனசு பண்ணிக் கேட்டா..." பின்னால் நூற்று நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் அடிப்பலகை டோஃபுவுக்குள் மறைந்துவிட்டது. உள்ளே, பதினொரு மாதமாக அவர் ஒவ்வொன்றாகப் பற்றவைத்த கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"நல்ல சாமான்!" என்று கத்தினார் தோகுஜி. கோவில் மணியே லேசாக அதிர்ந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். "ரொம்ப உசத்தியான சாமான் சாமி! இதுமாதிரி ஒண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்லை! யாரும் பண்ணலை, நான் பண்ணினேன்! நான்!"

அவ்வளவு பேரும் தரையைப் பார்த்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். வேட்டி அவிழ்ந்து நிற்கிற ஆளைப் பார்த்தால் நாம் எப்படிக் கூசுவோமோ, அப்படிக் கூசினார்கள். சாமி மட்டும் தாளை நான்காக மடித்து ஊதுபத்தி நெருப்பில் வைத்தார். "எடுத்துக்குங்க" என்றார்.

தோகுஜி கட்டிப்பிடித்து இழுத்தார். பெட்டி பாதி டோஃபுவோடு கையில் வந்தது. உள்ளேயிருந்து ஒரே ஒரு 'சர்'. அதோடு சரி. வால்ட்ஸை அழுத்தினார், டாங்கோவை அழுத்தினார், ஆறையும் சேர்த்து அழுத்தினார். அடியில் தண்ணீர் சொட்டியதே தவிர வேறு சத்தம் இல்லை.

நெகோரோ அம்மா எழுந்து வந்தார். குட்டையான அம்மாள், கணீரென்ற குரல்.

"ஏங்க, இதுல எனக்குப் பன்னெண்டு வேணும். ஹாலுக்கு ஒண்ணு, கைவசம் ஒண்ணு. எலையுதிர் காலத்துக்குள்ள தர முடியுமா?"

பதினெட்டு வருஷமாகத் தோகுஜி சொன்னதையே நம்பியிருந்த முரோகா பதறிப்போய்க் குறுக்கே விழுந்தார். "அம்மா, பெரிய மனசு பண்ணி இதை மறந்துடணும். ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்துல வந்த ஒண்ணு. நம்ம குரெபயாஷிக்கு இன்னொண்ணு பண்ணத் தெரியாது. அவரே சொல்லுவாரு, பாருங்க. என்ன குரெபயாஷி?"

நூற்று நாற்பது பேரும் அந்தப் பதிலுக்காகத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோகுஜியின் காது சிவந்தது. 'ஆமாம் முதலாளி' என்பது நுனிநாக்குவரைக்கும் வந்துவிட்டது, அவருக்கே தெரிந்தது. அதை முழுங்கினார்.

பெட்டியைக் கீழே வைத்தார். மேடையிலிருந்த டோஃபுத் தட்டிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்தார். சாமி மந்திரம் ஓத வைத்திருந்த மைக்கின் ஒலிபெருக்கிப் பெட்டியைத் திறந்து, தன் பையிலிருந்த இரண்டு கம்பியை முறுக்கி, டிரான்சிஸ்டரின் காலில் பிடித்தார். சத்தமில்லை. இன்னொன்று. அதுவும் ஊமை. மூன்றாவதைப் பிடித்ததும் கோவில் முழுக்க 'சர்ர்ர்ர்' என்று இரைந்தது. ஊரே குளிரில் பெருமூச்சு விட்டதுபோல இருந்தது.

"முடியும்" என்றார் தோகுஜி. "எனக்குத் தெரியும்மா. எந்தக் கம்பி எங்க போகணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அதிர்ஷ்டமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. பன்னெண்டு என்ன, முப்பது தரேன்."

"முப்பது வேண்டாம், பன்னெண்டு போதும்" என்றார் நெகோரோ அம்மா.

ஹிரானுமா பேரேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "குரெபயாஷி சான், போனவங்க திரும்பி வந்தா எழுதறதுக்குப் படிவமே கிடையாதே! நான் இவங்களை என்னன்னு எழுதுவேன்?"

"இரையறவங்களை ஒரு பக்கம் வையி, இரையாதவங்களைத் திருப்பி நடு" என்றார் சாமி. ஹிரானுமா கைமேலிருந்த கறுப்பு உறையைக் கழற்றிவிட்டு டோஃபுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

தோகுஜி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். "இது நல்லா இருக்கு. இது ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். சொல்லிப் பழக்கமில்லாததால் ஒவ்வொரு தடவையும் திக்கினார். முரோகா நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"குரெபயாஷி, நீ முன்னால பண்ணினதெல்லாம் குப்பைன்னு சொன்னியே. நான் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிக் குடுத்தேனே. அந்தத் தானா சுருதி சேர்த்துக்கற ஆர்கன்?"

தோகுஜி நிமிரவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் டோஃபுவில் விழுந்தது.

"நல்லா இருந்துச்சு முதலாளி."

"அந்த... பாடறவன் மூச்சு வாங்கினா கூடவே நிக்கிற பெட்டி?"

"அதுவும் நல்லா இருந்துச்சு. நீங்க ஒவ்வொரு தடவையும் வந்து கேட்டீங்க. நான்தான் பொய் சொன்னேன்."

முரோகாவுக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. பதினெட்டு வருஷம்! அவர் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். தோகுஜிக்கு அருகில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, டோஃபுவிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரைப் பிடுங்கி, துடைத்து நீட்டினார்.

"இது எப்படி இருக்கு?" என்று கேட்டார்.